கைக்கு டப்பிங் கிடையாது

சிங்கீதம் சீனிவாச ராவ் எண்பதுகளில் எடுத்த மூன்று படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், உலக சினிமா இன்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கேள்விக்கு அவர் ஒருவரே மூன்று விதமாகப் பதில் சொல்லியிருப்பது தெரியும். 1981இல் ‘ராஜபார்வை’. பார்வையற்ற வயலின் கலைஞராகக் கமல்ஹாசன் நடித்தார். அது அவருடைய நூறாவது படம். சில ஆண்டுகள் கழித்துத் தெலுங்கில் ‘மயூரி’. திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு ஒரு காலை இழந்து, ஜெய்ப்பூர் செயற்கைக் காலுடன் மீண்டும் மேடையேறிய நாட்டியக் கலைஞர் சுதா சந்திரனின் கதை. நாயகியாக நடித்தவரும் சுதா சந்திரனேதான். 1989இல் ‘அபூர்வ சகோதரர்கள்’. சராசரி உயரமுள்ள கமல், கால்களை மடக்கிக்கொண்டு குள்ள அப்புவாக வந்தார்.

மாற்றுத்திறனாளிப் பாத்திரத்தில் மாற்றுத்திறனாளிதான் நடிக்க வேண்டுமா என்று அன்று யாரும் கேட்கவில்லை. ‘மயூரி’யில் சுதா சந்திரன் நடித்ததைக் கொள்கை முடிவாக யாரும் பார்க்கவில்லை, அவர் கதை, அவர் நடித்தார், அவ்வளவுதான். அந்த நடிப்புக்குத் தேசிய விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருது கிடைத்தது. ‘அபூர்வ சகோதரர்க’ளின் கதையோ, உருவம் வேறாகவும் முகம் ஒன்றாகவும் உள்ள இரட்டையர்களால் போலீஸ் குழம்பிப் போவது. ஒரே முகம் இல்லையென்றால் அங்கே படமே இல்லை. ஆகவே, பார்த்த மாத்திரத்தில் மிகவும் கேள்விக்குரியதாகத் தோன்றும் அந்த நடிகர் தேர்வுக்குத்தான் கதைக்குள்ளேயே வலுவான காரணம் இருக்கிறது. ‘ராஜபார்வை’க்கு அப்படி ஒரு காரணம் கிடையாது. அது எனக்குப் பிடித்த படம் என்பது வேறு விஷயம்.

கேள்வி சூடு பிடித்தது அமெரிக்காவில். ரூடர்மன் குடும்ப அறக்கட்டளை 2016இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டின் முன்னணித் தொலைக்காட்சித் தொடர்களில் வரும் மாற்றுத்திறனாளிப் பாத்திரங்களில் 95 விழுக்காட்டை உடற்குறை ஏதும் இல்லாத நடிகர்களே ஏற்றிருந்தார்கள் என்றது. 2019 தொடக்கத்தில் ‘தி அப்சைட்’ வெளியானபோது, கழுத்துக்குக் கீழே அசைவற்ற பணக்காரராக நடித்த பிரையன் கிரான்ஸ்டனிடம் நேருக்கு நேராகவே கேட்டார்கள். வேறொருவராக மாறுவதுதான் நடிகனின் வேலை, நட்சத்திரத்தைப் போடுவது வணிக முடிவு என்கிற ரீதியில் அவர் பதில் சொன்னார். அந்தப் படத்தின் மூலம் 2011இல் வந்த பிரெஞ்சுப் படம். அதே மூலத்திலிருந்துதான் 2016இல் நம் ‘தோழா’வும் வந்தது, அந்தச் சக்கர நாற்காலியில் நாகார்ஜுனா உட்கார்ந்தார். கிரான்ஸ்டனிடம் கேட்ட கேள்வியை இங்கே நாகார்ஜுனாவிடம் யாரும் கேட்டதாக நினைவில்லை. கார்த்தியின் நகைச்சுவை நன்றாக இருந்ததா, பாட்டு எடுபட்டதா என்று பேசினோம்.

நடிப்பு என்றால் நடிப்புதான் என்கிற வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. கொலைகாரனாக நடிக்கக் கொலை செய்திருக்க வேண்டியதில்லை. நம் கூத்து மேடையில் ஆண்கள்தான் திரௌபதியாக நின்றார்கள். அந்தச் சபதத்தைக் கேட்டு ஊரே விசும்பியது. ‘மை லெஃப்ட் ஃபுட்’ படத்தில் பெருமூளை வாதம் உள்ள கிறிஸ்டி பிரவுனாக நடித்த டேனியல் டே-லூயிஸ், படப்பிடிப்பு நாட்களில் கேமரா ஓடாதபோதும் சக்கர நாற்காலியை விட்டு எழாமல் இருந்ததும், அவருக்குப் படக்குழுவினர் ஊட்டிவிட்டதும் நடிப்புப் பள்ளிகளில் இன்றும் பேசப்படும் கதை. அந்த நடிப்பின் உயரத்தை மறுக்க எனக்கு மனம் வராது.

ஆனால் இந்த வாதம் ஒரு பக்கமாகத்தான் வேலை செய்கிறது. யாரும் யாராகவும் நடிக்கலாம் என்றால், சக்கர நாற்காலியில் இருக்கும் நடிகை வங்கி மேலாளராகவும், பார்வையற்ற நடிகர் நாயகனின் அண்ணனாகவும் வந்திருக்க வேண்டும், கதை அவர்களுடைய குறையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல். அப்படி எத்தனை படம் பார்த்திருக்கிறோம்? உடற்குறை இல்லாத பாத்திரங்கள் அவர்களுக்குக் கிடையாது. உடற்குறை உள்ள பாத்திரங்கள் நட்சத்திரங்களுக்குப் போய்விடும். நட்சத்திரங்களுக்கு அவை விருது வாங்கித் தரும் பாத்திரங்களும்கூட. ‘ரெயின் மேன்’ டஸ்டின் ஹாஃப்மன், ‘சென்ட் ஆஃப் எ வுமன்’ அல் பசினோ, ‘ரே’ ஜேமி ஃபாக்ஸ், ‘தி தியரி ஆஃப் எவ்ரிதிங்’ எடி ரெட்மெய்ன் என்று சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பட்டியலைப் புரட்டினாலே போதும். இங்கே ‘காசி’யும் ‘தெய்வத்திருமக’ளும் விக்ரமுக்கு என்ன கொடுத்தன என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஹரால்டு ரஸ்ஸல் கதை இந்த இடத்தில் பொருந்தும். இரண்டாம் உலகப் போரின்போது பயிற்சியில் வெடி வெடித்து இரு கைகளையும் இழந்த படைவீரர். 1946இல் வில்லியம் வைலர் அவரை ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ படத்தில் நடிக்க வைத்தார். கைகளுக்குப் பதில் பொருத்தியிருந்த இரும்புக் கொக்கிகளால் அவர் தீக்குச்சி கிழிப்பதை அந்தப் படத்தில் பார்க்கலாம். சாகசமாக அல்ல, தினமும் செய்யும் காரியமாக. அந்த அலட்சியம் எந்த ஒத்திகையிலும் வராது. அவர் போட்டியில் வெல்ல மாட்டார் என்று நினைத்த அகாதெமி முன்கூட்டியே ஒரு கௌரவ விருதை ஒதுக்கிவைத்தது. அவர் துணை நடிகருக்கான விருதையும் வென்றார். ஒரே பாத்திரத்துக்கு இரண்டு ஆஸ்கர். அடுத்து அவர் திரைப்படத்தில் தோன்றியது 1980இல். முப்பத்து நான்கு ஆண்டுகள்! போற்றிப் புகழ்ந்து வாசலோடு அனுப்பிவைப்பது என்பது இதுதான்.

இந்த விவாதத்தில் எல்லா மாற்றுத்திறன்களையும் ஒரே கூடையில் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காது கேளாமையை முதலில் தனியே எடுத்துவைக்க வேண்டும். ஏனென்றால் அங்கே பிரச்சினை உடல் மட்டும் அல்ல; மொழி.

சைகை மொழிக்கு இலக்கணம் உண்டு, உச்சரிப்பு போன்ற ஒன்றும் உண்டு. முகத்தசையும் புருவமும்கூட அதில் இலக்கணத்தின் பகுதி. கேட்கும் திறன் உள்ள நடிகை மூன்று மாதம் பயிற்சி எடுத்துக்கொண்டு சைகை செய்யும்போது நமக்கு அழகாகத் தெரிகிறது. அந்த மொழியிலேயே வளர்ந்தவருக்கோ, தமிழே தெரியாத நாயகி உதட்டை மட்டும் அசைப்பதை நாம் பார்ப்பது போல இருக்கும். நாயகிக்கு டப்பிங் தியேட்டரில் ஒருவர் வந்து குரல் கொடுத்துக் காப்பாற்றிவிடுவார். கைக்கு டப்பிங் கிடையாது.

குல்சாரின் ‘கோஷிஷ்’ 1972இல் வந்தது. சஞ்சீவ் குமாரும் ஜெயா பாதுரியும் காது கேளாத, பேச இயலாத தம்பதி. 1977இல் அது தமிழில் ‘உயர்ந்தவர்கள்’ ஆனபோது கமலும் சுஜாதாவும். 1996இல் சஞ்சய் லீலா பன்சாலியின் ‘காமோஷி’யில், பாடகியாகத் துடிக்கும் மகளின் காது கேளாத பெற்றோராக நானா படேகரும் சீமா பிஸ்வாஸும். 2014இல் பிரான்ஸில் ‘லா ஃபமி பெலியே’ ஏறத்தாழ அதே குடும்பச் சூழலோடு வந்தது. அங்கும் பெற்றோராக நடித்தவர்கள் கேட்கும் திறன் உள்ளவர்கள். படம் சக்கைப்போடு போட்டது, ஆனால் காது கேளாதோர் தரப்பிலிருந்து கடும் விமர்சனம் எழுந்தது. அந்தப் படத்தை அமெரிக்காவில் ‘கோடா’ என்று மறுபடி எடுத்தபோது தாய் வேடத்துக்கு வந்தவர் மார்லி மேட்லின். 1987இல் 21 வயதில் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கிய, காது கேளாத நடிகை. தந்தை வேடத்துக்குக் கேட்கும் திறன் உள்ள பிரபல நடிகர் ஒருவரைப் போடலாம் என்ற பேச்சு வந்ததும், அப்படியானால் நான் விலகிக்கொள்கிறேன் என்று அவர் சொன்னார். தந்தையாக டிராய் கோட்சர் நடித்தார். 2022இல் ‘கோடா’ சிறந்த படம். கோட்சர் சிறந்த துணை நடிகர். மேட்லினுக்குப் பிறகு காது கேளாத இன்னொருவர் நடிப்புக்காக அந்த மேடை ஏற 35 ஆண்டுகள் பிடித்தது. நட்சத்திரம் இல்லாவிட்டால் படம் போணியாகாது என்ற வணிக வாதத்துக்கு ‘கோடா’ ஒன்றே போதுமான பதில் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாதம் இனிப் பழையபடி நிமிர்ந்து நிற்க முடியாது.

இந்த விஷயத்தில் தமிழ் சினிமா கைவசம் ஒரு வசதி வைத்திருக்கிறது. ஹாலிவுட்டுக்கு அது கிடையாது. 2009இல் சமுத்திரக்கனியின் ‘நாடோடிகள்’ படத்தில் சசிகுமாரின் தங்கையாக அபிநயா வந்தார். பிறவியிலேயே காது கேளாத, பேச இயலாத பெண். நடித்ததோ மற்ற எல்லோரையும் போலப் பேசுகிற, கேட்கிற, காதலிக்கிற ஒரு தங்கை! வசனத்தை உதட்டசைவாக மனதில் ஏற்றிக்கொண்டு, எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்து நேரம் பிடித்து, தன் வாயசைவைக் கொடுத்தார். குரல் பிற்பாடு டப்பிங்கில் சேர்ந்தது. படம் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது. அந்தப் படம் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் போனபோது அந்தத் தங்கையும் கூடவே போனார். நடிப்பு நடிப்புதான் என்று முழங்குகிறவர்கள் உதாரணம் காட்ட வேண்டியது டேனியல் டே-லூயிஸை அல்ல, அபிநயாவை. பின்னணிக் குரலை நம்பி இயங்கும் ஒரு திரையுலகில் காது கேளாத நடிகைக்கு எந்த வேடத்தையும் கொடுக்கலாம் என்று அவர் காட்டிவிட்டார். அப்படியிருந்தும் அபிநயாவுக்குப் பின்னால் ஒரு வரிசை உருவாகவில்லை. படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்யும் முறை பெருகப் பெருக, இந்த வாசலும் சாத்தப்பட்டுவிடும் என்பது என் கவலை.

பார்வையின்மைக்கு வருவோம். நம் திரையில் பார்வையற்றவர் என்றால் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது: விழியை மேலே செருகிக்கொள்வது, அல்லது கறுப்புக் கண்ணாடி, முகத்தைச் சற்றே வானம் பார்க்க வைத்துக்கொள்வது, காதலியின் முகத்தை விரலால் தடவிப் பார்ப்பது. பார்வையற்றவர்கள் எனப்படுவோரில் பலருக்கு ஓரளவு வெளிச்சமோ உருவமோ தெரியும் என்பதுகூடத் திரைக்கு வந்து சேரவில்லை. ‘காசி’க்காக விக்ரம் பட்ட பாடு உண்மையானது. ஆனால் அந்தச் செருகிய விழி பார்வையற்றோரின் அடையாளமாகவே ஆகிப்போனது. 2012இல் வந்த ‘தாண்டவம்’ இன்னும் சுவாரஸ்யமான சங்கதி. நாக்கைச் சொடுக்கி, எதிரொலியைக் கேட்டு வழியறியும் பார்வையற்ற நாயகனாக விக்ரம் நடித்தார். அந்தக் கலையில் உலகப் புகழ் பெற்ற அமெரிக்கர் டேனியல் கிஷ், குழந்தையிலேயே புற்றுநோயால் இரு கண்களையும் இழந்தவர், விக்ரமுக்குப் பயிற்சி கொடுத்தார், படத்திலும் தலைகாட்டினார். தெரிந்தவர் சொல்லிக் கொடுத்தார், நட்சத்திரம் செய்து காட்டினார். நம் ஊரில் மாற்றுத்திறனாளிக்குத் திரையில் கிடைக்கும் அதிகபட்ச மரியாதை இந்தப் பயிற்சியாளர் நாற்காலிதான்.

‘குக்கூ’ ஓர் அடி முன்னே போனது. ராஜுமுருகனின் அந்தப் படத்தில் தினேஷும் மாளவிகா நாயரும் பார்வையற்ற காதலர்கள். சுற்றியிருந்த நண்பர்களில் உண்மையிலேயே பார்வையற்றவர்களும் நடித்தார்கள். அந்த நண்பர்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்ளும் காட்சிகளில் இருக்கும் சகஜம், காதல் காட்சிகளில் எனக்குக் கிடைக்கவில்லை. நாயகனையும் நாயகியையும் அந்தக் கூட்டத்திலிருந்தே எடுத்திருந்தால் என்ன என்று தோன்றாமல் போகாது.

அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களால் வசனம் பேசி, கண்டின்யுட்டி பிசகாமல், திரும்பத் திரும்ப டேக் கொடுத்து நடிக்க முடியாது என்பது நீண்ட காலமாகச் சொல்லப்பட்ட காரணம். 2018இல் ஸ்பெயினில் வந்த ‘கேம்பியோனெஸ்’ அதை உடைத்தது. கூடைப்பந்து அணி வீரர்களாக அந்தக் குறைபாடு உள்ளவர்களே நடித்தார்கள். அந்நாட்டின் கோயா விருதுகளில் சிறந்த படமாகவும் அது தேர்வானது. அதன் இந்தி வடிவமான ‘சிதாரே ஜமீன் பர்’ 2025இல் வந்தது. ஆமிர் கானோடு பத்துப் புதுமுகங்கள். பத்துப் பேருமே ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றோடு வாழ்பவர்கள். இயக்கியவர் ‘கல்யாண சமையல் சாதம்’ எடுத்த நம் ஆர்.எஸ். பிரசன்னா. நாயகன் என்னவோ பயிற்சியாளராக வரும் ஆமிர்தான் என்ற குறை இருக்கிறது. இருக்கட்டும். ‘முடியாது’ என்ற சொல் அத்தோடு செல்லாததாகிவிட்டது. இதற்கு நேரெதிர் உதாரணம், ஆட்டிசம் உள்ள பெண்ணாக மேடி ஸீக்ளரை நடிக்க வைத்து, பாடகி சியா இயக்கிய ‘மியூசிக்’. அந்தப் பெண்ணைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் காட்சிகள் ஆபத்தானவை என்று ஆட்டிசம் உள்ளவர்களே எதிர்த்தார்கள். சியா மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. படக்குழுவில் அவர்களில் ஒருவருடைய சொல்லாவது எடுபட்டிருந்தால் அந்தக் காட்சி எழுத்திலேயே நின்றிருக்கும்.

ஆனால் கட்டாய விதி ஒன்று போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கும் சில சங்கடங்கள் காத்திருக்கின்றன. ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் மகனாக வந்த ஆர்.ஜே. மிட்டுக்குப் பெருமூளை வாதம் உண்டு. ஆனால் பாத்திரத்துக்கு இருந்ததைவிட லேசானது. ஊன்றுகோல் பிடிக்கவும் குழறிப் பேசவும் அவரும் பழகத்தான் வேண்டியிருந்தது. அப்படியென்றால் எத்தனை சதவீதம் பொருந்தினால் பொருத்தம்? ஸ்டீபன் ஹாக்கிங் கதை, நன்றாக ஓடியாடும் மாணவனிடம் தொடங்கி அசைவற்ற உடலில் முடிகிறது. அந்தப் பயணம் முழுவதையும் நோயுற்ற ஒருவர் எப்படி நடிப்பார்? வலிப்பு நோய், மனச்சோர்வு போன்ற வெளியே தெரியாத நிலைகளில் விஷயம் இன்னும் சிக்கல். இருக்கிறதா என்று தயாரிப்பாளர் கேட்கவே கூடாது. அந்தரங்கத்தைச் சொன்னால்தான் வேடம் என்பது இன்னொரு கொடுமை. ‘பேரன்பு’ எனக்கு மிகவும் தடுமாற்றம் தரும் படம். பெருமூளை வாதம் உள்ள, பருவமடையும் சிறுமியாக சாதனா நடித்தது அசாத்தியம். உடல் சார்ந்து அத்தனை அந்தரங்கமான காட்சிகளில், அந்த நிலையில் உள்ள ஒரு சிறுமியையே கேமரா முன் நிறுத்துவது சரியா என்று கேட்டால், ஆம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

அசலான உடலைக் காட்டிவிட்டாலே மரியாதை வந்துவிடாது என்பதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. ‘நான் கடவுள்’ படத்தில் பிச்சைக்காரர்களாகப் பாலா நிஜமான மாற்றுத்திறனாளிகள் பலரை நடிக்க வைத்தார். நாயகியான பார்வையற்ற பாடகி வேடம் மட்டும் பூஜாவுக்கு. பாலாவுக்குத் தேசிய விருது வந்தது, படத்தின் ஒப்பனைக்கும் வந்தது. அந்த உடல்கள் அதிர்ச்சிக்காக வரிசையாக நிறுத்தப்பட்டனவா, அல்லது நாம் பார்க்க மறுக்கும் மனிதர்களைப் பார்க்க வைத்தாரா என்பதில் இன்றும் இரண்டு கட்சி. எனக்கு இரண்டும் நடந்ததாகவே படுகிறது. 1932இலேயே டாட் பிரவுனிங்கின் ‘ஃப்ரீக்ஸ்’, சர்க்கஸில் காட்சிப்பொருளாக இருந்தவர்களைக் கொண்டு எடுக்கப்பட்டு, பிரிட்டனில் முப்பது ஆண்டுகள் தடைபட்டுக் கிடந்தது. யார் நடிக்கிறார்கள் என்பதோடு, கேமராவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், கதையை யார் எழுதினார்கள் என்பதும் சேர்ந்ததுதான் இந்தக் கேள்வி.

இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில், ‘ஆங்க் மிச்சோலி’ என்ற இந்திப் படம் தொடர்பான வழக்கில் ஏறத்தாழ இதைத்தான் தொட்டது. மாற்றுத்திறனை விளங்கிக்கொள்ள உதவும் நகைச்சுவையையும் மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நகைச்சுவையையும் அது பிரித்துக் காட்டியது. அவர்களைப் பற்றிய படைப்பில் அவர்களுடைய பங்கேற்பு இருக்க வேண்டும் என்றது. திக்குவாயையும் குள்ளத்தையும் சிரிப்புக்கு விற்றே பழகிய நம் காமெடி டிராக்குகளுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு நல்ல வாசிப்பு. யார் நடிக்க வேண்டும் என்பதில் நீதிமன்றம் தலையிடவில்லை. தலையிடவும் கூடாது.

நடைமுறைத் தடைகளைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. கேரவனுக்கு ஏறும் செங்குத்தான இரும்புப் படியைப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வரும் நடிகர் அங்கேயே நின்றுவிடுவார். அவுட்டோரில் கழிப்பறை என்ற ஒன்று நாயகிக்கே போராடிக் கிடைப்பது. சைகை மொழிபெயர்ப்பாளருக்குப் பேட்டா எந்தக் கணக்கில் எழுதுவது என்று எந்தத் தயாரிப்பு நிர்வாகிக்கும் தெரியாது. இது இங்கே மட்டும் உள்ள கதையும் அல்ல. 2019இல் டோனி விருது வென்ற முதல் சக்கர நாற்காலிக் கலைஞர் அலி ஸ்ட்ரோக்கர், பார்வையாளர் பகுதியிலிருந்து மேடைக்குச் சாய்தளம் இல்லாததால் மேடைக்குப் பின்னால் காத்திருந்துதான் விருதைப் பெற்றார்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சைகை மொழி பேசும் பாத்திரங்களை இனிமேல் காது கேளாத கலைஞர்களுக்கே கொடுக்க வேண்டும். அதில் பேச்சுக்கு இடமில்லை. குள்ளமான மனிதரின் கதையைக் காலை மடக்கி நடிக்கும் காலம் முடிந்தது. ‘அற்புதத் தீவு’ படத்தின் நாயகன் பக்ருவைப் பார்த்த பிறகு அதற்குச் சாக்கு இல்லை. பார்வையின்மை, சக்கர நாற்காலி, ஆட்டிசம் ஆகியவற்றில் முதலில் அவர்களைத் தேடுங்கள். தேடிக் கிடைக்காவிட்டால், அல்லது கதையே வேறு நடிகரைக் கேட்டால், போடுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். வெளியே தெரியாத நிலைகளில் நடிகரின் மருத்துவச் சீட்டை யாரும் கேட்க வேண்டாம். இதையெல்லாம்விட அவசரமானது, உடற்குறையைப் பற்றி ஒரு வரியும் இல்லாத சாதாரண வேடங்கள். கால் இழந்த சுதா சந்திரனை விஜய் டிவியின் ‘தெய்வம் தந்த வீடு’ தொடரில் நாட்கணக்கில் பார்த்தோமே. மாமியார் என்ன சூழ்ச்சி செய்யப் போகிறார் என்று கவனித்தோமே தவிர, செயற்கைக் காலை யார் நினைத்தார்கள்?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். அடுத்த படத்துக்கு ஆடிஷன் அறிவிப்புப் போடும் இயக்குநர்களுக்கு ஒரே வேண்டுகோள்: ‘மாற்றுத்திறனாளிகளும் எந்த வேடத்துக்கும் விண்ணப்பிக்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். ஆடிஷனைத் தரைத்தளத்தில் வையுங்கள்.